கடல்ல முக்குன பாத்திரம்

தண்ணி பாட்டில் உங்க முன்னாடி சீட்டுப் பையில இருக்கு சார். சீல் உடைக்காதது. வேணாமா? பரவால்ல. பாதிப் பேரு வேணாம்னுதான் சொல்வாங்க, அவங்கவங்க கையிலேயே ஒண்ணு வச்சிருப்பாங்க. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்க மாட்டேன். கேக்கணும், கேட்டுட்டேன், அவ்வளவுதான்.

இந்த போன் அடிக்கிறதை நீங்க கண்டுக்காதீங்க. என் வீட்டுக்காரிதான், எஸ்தர். காலையிலேர்ந்து அடிச்சுக்கிட்டே இருக்கா. எடுத்தா ஒரே கேள்விதான், ஏர்போர்ட் போறீங்களா இல்லையான்னு. போயிட்டுத்தானே இருக்கேன், உங்களை இறக்கி விட. ஆனா அவ கேக்குறது அது இல்ல. உங்களுக்கு மேல்தளம், புறப்பாடு. அவ சொல்றது கீழ, ஆளுங்க வெளிய வர்ற இடம். அங்க ஒரு வெள்ளைக்காரம்மா ரெண்டு பிள்ளைங்களோட இந்நேரம் வந்து நிக்கும். நான் வர மாட்டேன்னு எஸ்தர்கிட்ட சொல்லிட்டேன். அந்தம்மாகிட்ட சொல்லல. 

நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. கிண்டி தாண்டவே இன்னும் நேரமாகும், பாருங்க எப்படி நிக்குதுன்னு. நான் சொல்றேன், யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

போன மாசம் டிராவல்ஸ்லேர்ந்து ஒரு சவாரி குடுத்தாங்க. சிங்கப்பூர்லேர்ந்து லண்டன் போற குடும்பம், நடுவுல நம்ம ஊர்ல ஒரு பகல் பூரா தங்கல், ஊரைச் சுத்திக் காட்டி சாயங்காலம் திரும்ப விடணும். பேரு எழுதின அட்டையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். தாமார். வேதத்துல வர்ற பேரு சார். நாங்க கிறிஸ்தவங்க. என் பேரு கிதியோன், அதுவும் வேதத்துல வர்றதுதான். அந்தம்மா வந்தாங்க, தலையில துணி கட்டியிருந்தாங்க, கூட ஒரு பொண்ணு, எட்டு ஒம்பது வயசு இருக்கும், ஒரு சின்னப் பையன். பொண்ணு பேரு ஹதாஸா. பையன் எப்ராயீம். எனக்கு உடம்பு சிலுத்துப் போச்சு. யூதங்க சார். நாங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை படிக்கிறோமே, அந்த ஜனம், என் வண்டியில ஏறுது. உடனே எஸ்தருக்கு போன் போட்டேன். கோழி எடுத்து பிரியாணி போடு, மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன்னேன். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களான்னா. பன்னிதான் சாப்பிட மாட்டாங்க, எறா, நண்டு சாப்பிட மாட்டாங்க, லேவியராகமத்துல எல்லாம் இருக்கு, எனக்குத் தெரியாதான்னேன்.

முதல்ல பரங்கிமலை. தோமையார் மலை சார், அதைவிட வேற என்ன காட்டுறது. அந்தம்மா கோயிலுக்குள்ள வரல. மரத்தடியில நின்னுக்கிட்டு, கீழ விமானம் இறங்குறதைப் பிள்ளைங்களுக்குக் காட்டிக்கிட்டு இருந்தாங்க. உள்ள வாங்கன்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல கூப்பிட்டேன், சிரிச்சுக்கிட்டே வேணாம்னுட்டாங்க. அங்கேயே எனக்கு முதல் அடி.

அப்ப அந்தப் பையன் பசிக்குதுன்னான். அம்மாக்காரி சாப்பாட்டுப் பையைத் தேடுறாங்க. இந்தப் பையில இல்ல, அந்தப் பையில இல்ல. டிக்கியைத் தொறந்து பார்த்தோம், அங்கயும் இல்ல. திரும்பிப் பார்த்தா, பொண்ணு மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு. விமானத்துல சீட்டுக்கு அடியிலயே விட்டுட்டு இறங்கிட்டா. அவ பொறுப்புல குடுத்திருந்த பை. அம்மா ஒரு வார்த்தை திட்டல. அந்தப் புள்ளை அப்புறம் பேச்சையே நிறுத்திடுச்சு.

எனக்கு அதெல்லாம் பெரிய விஷயமாத் தெரியல. சாப்பாடுதானே, ஊர் பூரா சாப்பாடுதான். மயிலாப்பூர்ல சைவ ஓட்டல் ஒண்ணுல கொண்டு போய் நிறுத்தினேன். ஐயருங்க சாப்பிடுற ஓட்டல் சார், சுத்த சைவம். பையன் கண்ணாடி வழியா தோசை ஊத்துறதைப் பார்த்துக்கிட்டு உதட்டை நக்குறான். அந்தம்மா உள்ள வந்து, சமையக்கட்டை எட்டிப் பார்த்து, ஒருத்தர்கிட்ட ஏதோ விசாரிச்சு, திரும்பி வந்துட்டாங்க. முடியாதாம். கோஷர்னு ஏதோ சொன்னாங்க. அதான் அவங்க சாப்பாட்டு முறைக்குப் பேரு. கறி இல்லேன்னா மட்டும் போதாதாம். பாத்திரம் அவங்க முறைப்படி இருக்கணும், அடுப்பை அவங்க ஆளு பத்த வச்சிருக்கணும், பாலு ஒரு கணக்கு, வெண்ணெய் ஒரு கணக்கு. எனக்குத் தலை சுத்துச்சு. பச்சைப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு என்னம்மா இதுன்னு கேட்டேன். அந்தம்மா பையன் கையைப் புடிச்சுக்கிட்டு வண்டிக்கு நடந்தாங்க.

அப்புறம் ஒரு பெரிய கடை. பிஸ்கட்டு, ரொட்டி, சிப்ஸ், ஒவ்வொரு பொட்டலமா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்குறாங்க, ஏதோ ஒரு முத்திரை இருக்கணுமாம். எதுலயும் இல்ல. கடைப்பையன் பின்னாடியே வர்றான், திருடுறாங்களோன்னு. எனக்கு மானம் போச்சு. கடைசியில ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினாங்க. வெட்டாத பழம்னா பரவால்லையாம். அன்னாசி சொன்னேன், நறுக்கித் தருவான்னேன். அவன் கத்தி ஆகாதாம்.

சின்னவன் பழத்தைத் தின்னான். வெயில் வேற. காலையிலேர்ந்து அலைச்சல். வண்டியிலேயே வாந்தி எடுத்துட்டான். புது சீட் கவர் சார். அதைக்கூட விடுங்க. அந்தப் பையன் துவண்டு போயி, கத்தக்கூடத் தெம்பில்லாம முனகுறான். பீச்சுல கண்ணகி சிலைகிட்ட வண்டியை ஓரங்கட்டினேன். அந்தம்மா கீழ இறங்கி, பையனைத் தோள்ல போட்டுக்கிட்டு, அந்த மணல்ல இங்கயும் அங்கயுமா நடக்குறாங்க. நடக்குறாங்க, நடக்குறாங்க. அப்புறம் சட்டுனு உக்காந்து அழுதாங்க சார். லண்டன்ல அவங்க அம்மா சாகக் கெடக்குறாங்களாம், அதுக்குத்தான் போறாங்களாம், போற வழியில பிள்ளைங்களுக்கு நாலு இடத்தைக் காட்டுவோம்னு பார்த்தேன், அது தப்பாப் போச்சுன்னாங்க.

நான் இரும்பு இல்ல. மனசு கேக்கல. எங்க வீட்டுக்கு வாங்கம்மா, என் சம்சாரம் சமைச்சு வச்சிருக்கான்னேன். அந்தம்மா கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. உன் வீட்டுல நான் வந்து அடுப்பைப் பத்த வைக்கலாமா, உன் மனைவி ஒத்துப்பாங்களான்னு கேட்டாங்க. புதுப் பாத்திரம் ஒண்ணு வேணும், முட்டையும் உருளைக்கிழங்கும் போதும்னாங்க.

சரின்னு போயி ஒரு எவர்சில்வர் சட்டி வாங்கிட்டு வந்தேன். கடைக்காரன் பழக்கதோஷத்துல பேரு வெட்டணுமான்னு கேட்டான். நானும் பழக்கதோஷத்துல எஸ்தர்னு வெட்டச் சொல்லிட்டேன். திரும்பி வந்து குடுத்தா, அந்தப் பொண்ணு வெட்டின எழுத்தை விரலால தடவிக்கிட்டே, பை போனதுக்கப்புறம் முதல் தடவையா வாயைத் தொறந்தா. என்ன எழுதியிருக்குன்னு கேட்டா. என் மனைவி பேரு, எஸ்தர்னேன். என் பேரும் அதுதான்னா. வேதத்துல எஸ்தர் ராணிக்கே இன்னொரு பேரு அத்சாள், அதைத்தான் அவங்க ஹதாஸான்னு சொல்றாங்க. சரி, அது கிடக்கட்டும்.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன். வண்டியில ஏறுங்கன்னேன். அந்தம்மா ஏறல. சட்டியில ஒட்டியிருந்த லேபிளை நகத்தால சுரண்டுறாங்க. கடைசிப் பிசுக்குப் போற வரைக்கும் சுரண்டுனாங்க. அப்புறம் சட்டியை எடுத்துக்கிட்டு நேரா கடலுக்குள்ள இறங்குறாங்க. பாவாடை நனையுது, கவலையே இல்ல. சுண்டல் விக்கிறவன், குதிரைக்காரன் எல்லாம் வேடிக்கை பார்க்குறான். முட்டியளவு தண்ணியில நின்னு, கண்ணை மூடி ஏதோ சொல்லி, நான் வாங்கியாந்த புதுச் சட்டியை, என் பொண்டாட்டி பேரு போட்ட சட்டியை, கடல்ல முக்குறாங்க சார்.

ஏன்னு கேட்டேன். வெளியாளுங்க கையிலேர்ந்து வந்த பாத்திரத்தை முக்கித்தான் எடுக்கணுமாம். அதுதான் சட்டமாம். எவ்வளவு பெரிய மனுஷன் வீட்டுதா இருந்தாலும் இப்படித்தான், பிரதமர் வாங்கிக் குடுத்தாலும் இப்படித்தான்னாங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.

உங்களுக்கு அதுல என்ன இருக்குன்னு தோணும். எங்க ஊரு செங்கல்பட்டு பக்கம். எங்கப்பா பம்மல் தோல் கம்பெனிக்கு வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி அங்கதான் இருந்தோம். எங்க தெரு தனி. சர்ச்சு ஒண்ணுதான், ஆனா உள்ள உக்கார்ற இடம் வேற வேற. எனக்கு இந்தப் பொண்ணு வயசுதான் இருக்கும். பெரிய தெரு வீட்டம்மா ஒருத்தங்க பம்புல தண்ணி புடிக்கும்போது பித்தளைக் குடம் சரிஞ்சு உருண்டு சரிவுல ஓடுது. நான் ஒரே ஓட்டமா ஓடிப் புடிச்சு, தூக்க முடியாம தூக்கிக்கிட்டுக் கொண்டு போறேன். நல்ல பிள்ளைடான்னு சொல்வாங்கன்னு நினைச்சேன் சார். அங்கயே வைன்னாங்க. வச்சேன். ஒரு சொம்புத் தண்ணியை மோந்து குடத்து மேல ஊத்திட்டு, அப்புறம்தான் தொட்டாங்க. திட்டல, அடிக்கல. தண்ணி மட்டும்தான் ஊத்தினாங்க. நான் அந்த இடத்தை விட்டு வரவே ரொம்ப நேரமாச்சு. இன்னிக்கும் அந்தத் தண்ணிச் சத்தம் காதுல இருக்கு.

அப்ப இந்தம்மா சட்டியை முக்குனா எனக்கு எப்படி இருக்கும். நீங்களே சொல்லுங்க.

அதுல ஒரு கூத்து வேற. தண்ணி எல்லாப் பக்கமும் படணும்னு ஒரு நொடி கையை விட்டாங்க பாருங்க, அலை வந்து சட்டியை அடிச்சுக்கிட்டுப் போச்சு. அந்தப் பொண்ணு வீல்னு கத்துது. நான் செருப்போட பாய்ஞ்சேன். பாக்கெட்டுல போன், எல்லாம் போச்சு. வாய் பூரா உப்புத்தண்ணி. எப்படியோ சட்டிக் காதைப் புடிச்சு இழுத்துட்டேன். என்னைப் பார்த்து அந்தம்மா சிரிச்சாங்க, சின்னவன்கூட சிரிச்சான். சட்டியை வாங்கித் துணியில சுத்தி மடியில வச்சுக்கிட்டு வண்டியில ஏறினாங்க. இந்த வழியாத்தான் வந்தோம், பல்லாவரம் திரும்பி பம்மல் நாகல்கேணி. எங்க வீடு.

எஸ்தர் வாசல்ல தண்ணி தெளிச்சு, புதுப் பாய் விரிச்சு, பிரியாணி தேக்சாவை நடுவுல வச்சிருக்கா. வாசம் தெரு முனை வரைக்கும் வருது. என் அண்ணன் யாக்கோபு குடும்பத்தோட வந்து உக்காந்திருக்கான், இஸ்ரவேல் ஜனத்தைப் பார்க்கணும்னு. அந்தம்மா பிரியாணியைப் பார்த்தாங்க, எஸ்தரைப் பார்த்தாங்க, மன்னிச்சுக்கன்னு கையைக் கூப்பினாங்க. எங்கண்ணன் முன்னாடி சார். நான் எங்க போயி மூஞ்சியை வச்சுக்குறது.

நான் இந்த அடுப்பு விஷயத்தைச் சொன்னேன், பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னேன். எஸ்தர் கையில தீப்பெட்டி வச்சிருந்தா. அவ அடுப்பு, அவ வீடு, அவ பத்த வைக்கக் கூடாதாம். ஒரு சண்டை போடுவான்னு நினைச்சேன். அவ தீப்பெட்டியை நீட்டிட்டு ஒதுங்கி நின்னா. அந்தம்மா எங்க சமையக்கட்டுக்குள்ள போயி, அந்த இருட்டுப் பொந்துல குனிஞ்சு, அடுப்பைப் பத்த வச்சாங்க. முட்டையைப் போட்டாங்க, கிழங்கைப் போட்டாங்க. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னுக்கிட்டு, பாஷை தெரியாம ஏதேதோ பேசிக்கிறாங்க. எதுல வச்சுச் சாப்பிடுறதுன்னு வந்துச்சு, எங்க தட்டும் ஆகாதே. அப்ப எஸ்தர்தான் சொன்னா, இலையில சாப்பிடலாமான்னு கேளுங்கன்னு. நான் கேக்குறதுக்குள்ள கொல்லையில போயி வாழை இலையைக் கையாலேயே கிழிச்சு எடுத்துட்டு வந்துட்டா. அந்தம்மா இலையைப் பார்த்துட்டு எஸ்தரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க.

பிள்ளைங்க சாப்பிட்டதை நீங்க பார்த்திருக்கணும். ஏதோ ஜெபம் முணுமுணுத்துட்டு, உப்பைத் தொட்டுத் தொட்டு, தரையில உக்காந்து, கிழங்கை முழுங்குது சார் அந்தப் பையன். தோலை உரிச்சு உரிச்சு எஸ்தர் நீட்டுறா, அவன் அவ கையிலேர்ந்து வாங்கி வாங்கித் திங்கிறான். நிறைஞ்ச வயித்தோட அவ மடியிலேயே தூங்கிட்டான்.

போகும்போது அந்தம்மா சட்டியைக் கழுவி எஸ்தர்கிட்டக் குடுத்து, இதுல வேற எதுவும் சமைக்காம எங்களுக்காக வச்சிருப்பியா, திரும்பி வரும்போது வருவோம்னாங்க. இவளும் தலையை ஆட்டிட்டா. பழைய சேலையில சுத்தி பீரோ மேல ஏத்தி வச்சுட்டா. என் காசுல வாங்கின சட்டி, என் வீட்டுல இருக்கு, நான் தொடக் கூடாது. ஒருநாள் பால் காய்ச்ச எடுத்தேன், கையிலேர்ந்து புடுங்கிட்டா.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா, எங்கண்ணன் எல்லாரையும் கூட்டி வச்சு, நான் அவன்கிட்டப் புலம்பினதைக் கதையா சொல்றான். கிதியோன் வீட்டுக்கு விருந்தாளி வந்தாங்க, வாங்கிக் குடுத்த பாத்திரத்தைக் கடல்ல முக்கி எடுத்தாங்க, ஆக்கின சோத்தைத் தொடல, ஊர்ல பெரிய தெருக்காரங்க செஞ்சதை சிங்கப்பூர்லேர்ந்து வந்து செஞ்சுட்டுப் போயிட்டாங்கன்னு. எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிடலாம்னு இருந்துச்சு. அன்னிக்கு முடிவு பண்ணேன், இனி அந்த சகவாசமே வேணாம்னு.

முந்தாநேத்து மெசேஜ் வருது. அந்தம்மாதான். அம்மா இறந்துட்டாங்க, துக்கம் முடிச்சுத் திரும்புறோம், இந்தத் தடவையும் ஒரு பகல் சென்னையிலன்னு. கிளம்புற அவசரத்துல பிள்ளைங்களுக்கு எதையும் கட்டல, எஸ்தர் வீட்டு அடுப்பு இருக்குன்னு எப்ராயீம்கிட்டச் சொல்லிட்டேன், அதை நம்பித்தான் வர்றோம்னு எழுதியிருக்காங்க. நான் பதில் போடல. எஸ்தர்கிட்டயும் சொல்லல. இன்னிக்குக் காலையில அவளே என் போன்ல பார்த்துட்டா. ஒரு ஆட்டம் ஆடினா பாருங்க. நீ போகலைன்னா நான் ஆட்டோ புடிச்சுப் போறேன்னா. போயிப் பாரு, உனக்கு அங்க எது எங்கன்னு தெரியுமான்னு கத்திட்டு வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். இப்ப முட்டையும் கிழங்கும் வாங்கி வச்சுட்டு, காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்காளாம்.

மறுபடி அடிக்குது பாருங்க. என்னால முடியல சார். ஒரு பக்கம் அந்தச் சின்னவன் துவண்டு கெடந்தது கண்ணுக்குள்ளேயே நிக்குது. அதே வெயில், அதே பசி, அம்மாவைப் பறிகொடுத்துட்டு வர்ற பொம்பளை வாசல்ல நின்னுக்கிட்டு ஒவ்வொரு வண்டியா பார்த்துக்கிட்டு இருக்கும். இன்னொரு பக்கம் அந்தச் சட்டியை நினைச்சா நெஞ்சு எரியுது. எங்க ஜனம் எத்தனை தலைமுறையா இதைத் தாங்கியிருக்கு, நான் ஏன் காசு குடுத்து வாங்கி வந்து தாங்கணும்.

என்ன சார் கேட்டீங்க? போன் சத்தத்துல விழல.

அலையிலேர்ந்து நான் எடுத்துக் குடுத்தப்புறமா? முக்கினாங்களாவா? மறுபடியுமா?

இல்லையே. நான் குடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க. என் கையிலேர்ந்துதான் வாங்கினாங்க. கையெல்லாம் மணலு. அப்படியே துணியில சுத்தி...

இருங்க சார்.

கழுவல. கடல் அங்கேயேதான் இருந்துச்சு, முட்டி வரைக்கும் தண்ணியில நின்னுக்கிட்டுத்தான் வாங்கினாங்க. ஒரு கை தண்ணி மேல ஊத்தல. நான் தொட்டதுக்கு அப்புறம் ஊத்தல சார். அதுலதான் பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டாங்க.

எங்க வீட்டுச் சமையக்கட்டுல இத்தனை வருஷத்துல வெளியாளு யாரும் கால் வச்சதில்ல. பாஸ்டர் ஐயா வந்தாக்கூட வாசல்ல சேர் போட்டு ஜெபம் பண்ணிட்டு, உபவாசம்னு சொல்லிட்டுப் போயிடுவாரு.

இதோ வந்துருச்சு. மேல ஏத்துறேன். பெட்டியை நீங்களே எடுத்துக்குறீங்களா சார், தப்பா நினைச்சுக்காதீங்க, இங்க ரொம்ப நேரம் நிறுத்த விட மாட்டான், நான் உடனே கீழ போகணும். காசு அப்புறம் போன்ல போடுங்க, போடாட்டியும் பரவால்ல. ஒரு நிமிஷம், இவ விட மாட்டா, எடுத்துடுறேன்.

ஆங், எஸ்தர். ஏர்போர்ட்லதான். அழாத. இந்தா, கீழதான் போறேன். சட்டியை இறக்கிட்டியா? சரி. கேளு, அடுப்பைப் பத்த வச்சிடாத. நாங்க வர்றோம்.